தேங்காய் நின்றது மெய். தண்ணீர் இருந்தது பொய்

"என் கண்ணால் பார்த்தேன்" என்று ஒருவர் சொல்லிவிட்டால் அதற்கு மேல் அவரிடம் வாதாடக் கூடாது என்று ஊரில் ஒரு மரியாதை இருக்கிறது. எழுபத்து நான்கு வயதில் அந்த மரியாதையை நான் இன்று மீறப் போகிறேன். கோபித்துக்கொள்பவர்கள் முழுவதையும் படித்துவிட்டுக் கோபித்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் என் மச்சினர் மகன் வீட்டுக்கு வந்தான். இன்ஜினியரிங் படித்தவன். கோயம்புத்தூரில் வேலை. சனி, ஞாயிறு அன்னூர் வந்து தோட்டத்தைப் பார்த்துக்கொள்வான். தோட்டத்தில் ஏற்கெனவே இரண்டு போர் போட்டு இரண்டும் புகைதான் கிளம்பியது. மூன்றாவது போடப் போகிறானாம்.

"ஏனுங் மாமா, வர்ற வெள்ளிக்கிழமை தண்ணி பாக்கறவரு வர்றாருங்க. தேங்கா வெச்சுப் பாப்பாரு. உங்களுக்குத்தான் இதுல நம்பிக்கை இல்லீங்களே, ஒருக்கா வந்து கண்ணால பாருங்க" என்றான்.

"கண்ணாரப் பாத்தாச்சு மாப்ளே. கண்ணால மட்டுமில்ல, என் கையிலயே பாத்தாச்சு. அதனாலதான் வேண்டாங்கிறேன்" என்றேன். அவனுக்குப் புரியவில்லை. அவனுக்குச் சொன்னதை இங்கே விரிவாக எழுதுகிறேன். அவனைப் போல இந்த வட்டாரத்தில் எத்தனையோ பேர் இருக்கிறார்கள்.

2016-ல் வடகிழக்குப் பருவமழை அடியோடு பொய்த்தது நினைவிருக்கும். மறுவருடம் மாசியிலேயே எங்கள் கிணறு வற்றிவிட்டது. என் வீட்டுக்காரிக்கு அவளுடைய அப்பா கொடுத்த இரண்டு ஏக்கர். நாற்பது தென்னை. மரம் ஒவ்வொன்றாக மட்டை சாய ஆரம்பித்தது. ரிடையர் ஆகி எட்டு வருஷம் ஆகியிருந்தது. கையில் பெரிதாக ஒன்றும் இல்லை. அவள் தன் வளையல் நான்கையும் கழற்றிக் கொடுத்தாள். அடகு வைத்துப் போர் போடுவது என்று முடிவாயிற்று.

தண்ணி பார்க்க வந்தவர் ஒரு பெரியவர். ஏமாற்றுக்காரர் இல்லை, இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சட்டை கூடப் போடாத மனிதர். வெற்றிலை பாக்கில் வைத்துக் கொடுத்த தட்சணையை எண்ணிக்கூடப் பார்க்கவில்லை. குடுமித் தேங்காய் ஒன்றை உள்ளங்கையில் படுக்க வைத்துக்கொண்டு காட்டை மேற்கும் கிழக்குமாக அளந்தார். வாய்க்கால் மேட்டுக்குப் பக்கத்தில் வந்ததும் படுத்திருந்த தேங்காய் விசுக்கென்று எழுந்து நின்றது. எல்லோரும் பார்த்தோம். "நீங்களும் வாங்க சாமி, புடிச்சுப் பாருங்க" என்று என் கையில் கொடுத்தார். நான் நடந்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், அதே இடத்தில் என் கையிலும் தேங்காய் எழுந்து நின்றது. உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது.

மூன்றாம் நாள் திருச்செங்கோட்டு ரிக் வண்டி வந்தது. இராத்திரி பூராவும் ஓட்டினார்கள். நூறு அடி, இருநூறு அடி, ஐநூறு அடி. வெள்ளைப் புழுதியாக வந்துகொண்டே இருந்தது. ஆழம் போகப் போக அடிக்கு ரேட்டும் ஏறும். "இன்னும் நூறடி பாத்தரலாங்க" என்று ஒவ்வொரு நூறடிக்கும் ஒருவர் சொன்னார். 870 அடியில் நான் கையைக் காட்டி நிறுத்தினேன். கேசிங் பைப், கூலி எல்லாம் சேர்த்து ஒரு லட்சத்தைத் தாண்டிவிட்டது. தென்னையில் பாதிக்கு மேல் போயிற்று. வளையல்களை மீட்க இரண்டு வருஷம் ஆனது.

இப்போது கேள்வி. தேங்காய் நின்றது பொய்யா? இல்லை. நான் பார்த்தது பொய்யா? இல்லை. என் உள்ளங்கையில் உணர்ந்தது பொய்யா? அதுவும் இல்லை. அப்படியானால் பொய் எங்கே இருந்தது?

இதற்குப் பதில் சொல்ல, நான் படித்த பள்ளிக்கூடத்துக்கு உங்களைக் கொஞ்சம் அழைத்துப் போக வேண்டும். நான் பிறந்து வளர்ந்தது புதுச்சேரி. பிரெஞ்சு மீடியம். பிறகு எஸ்.எஸ்.எல்.சி.யைத் தனியாக எழுதி, சர்வீஸ் கமிஷன் பரீட்சை பாஸ் செய்து, கோவை மாவட்டத்தில் குமாஸ்தாவாக வந்து சேர்ந்து, இங்கேயே பெண்ணெடுத்து இந்த ஊர்க்காரன் ஆனேன். பிரெஞ்சு என் உத்தியோகத்தில் ஒரு நாளும் உதவவில்லை. ஆனால் அந்த 870 அடிக் குழிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது உதவியது.

பள்ளியில் லா ஃபோந்தேனின் நீதிக்கதைகளை மனப்பாடம் செய்யச் சொல்வார்கள். காக்கையும் நரியும் எல்லோருக்கும் தெரியும். 'நிலாவில் ஒரு மிருகம்' என்று இன்னொரு கதை உண்டு. இங்கிலாந்தில் தொலைநோக்கியை வைத்து நிலாவைப் பார்க்கிறார்கள். நிலாவுக்குள் புதிய மிருகம் ஒன்று தெரிகிறது! ஊரே கூடிவிடுகிறது. இது ஏதோ பெரிய நிகழ்ச்சிக்கு அறிகுறி என்கிறார்கள். அரசரே வந்து பார்க்கிறார். கடைசியில் குழாயைக் கழற்றினால், கண்ணாடிகளுக்கு இடையே ஒரு சுண்டெலி மாட்டிக்கொண்டிருக்கிறது. மிருகம் தெரிந்தது மெய்தான். ஆனால் அது நிலாவில் இல்லை, பார்க்கிற குழாய்க்குள் இருந்தது.

எங்கள் வாத்தியார் இந்தக் கதையை நடத்தும்போது ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் ஊற்றி அதில் பென்சிலை வைப்பார். பென்சில் ஒடிந்து தெரியும். "ஒடிந்திருக்கிறதா?" என்பார். பையன்கள் "ஆமாம்" என்போம். "தொட்டுப் பார்" என்பார். பிறகு சொல்வார்: கண் பொய் சொல்லவில்லை, வந்த வெளிச்சத்தை அது நேர்மையாகக் காட்டியது, 'ஒடிந்திருக்கிறது' என்று தீர்ப்பு எழுதியது நீ. பத்து வயதில் அது எனக்கு ஒரு வேடிக்கையாகத்தான் இருந்தது. அறுபத்தாறு வயதில்தான் அர்த்தமாயிற்று. தேங்காய் நின்றது காட்சி. கீழே தண்ணீர் இருக்கிறது என்பது நான் எழுதிய தீர்ப்பு. இரண்டுக்கும் நடுவே சுண்டெலி எங்கே இருந்தது?

அந்தச் சுண்டெலியைக் கண்டுபிடித்தவரும் ஒரு பிரெஞ்சுக்காரர்தான். மிஷேல் ஷெவ்ரல் என்று பெயர். 1786-ல் பிறந்து 1889 வரை வாழ்ந்து நூற்றிரண்டு வயதில் இறந்தவர். இரசாயன விஞ்ஞானி. பாரிஸில் கோப்லேன் என்ற அரசாங்கத் திரைச்சீலை நெசவுக்கூடத்தில் சாயப் பிரிவுக்குத் தலைவராக இருந்தார். 'கறுப்புச் சாயம் சரியில்லை, வெளுத்துத் தெரிகிறது' என்று அங்கே புகார். சோதித்துப் பார்த்தால் சாயத்தில் ஒரு குறையும் இல்லை. பக்கத்தில் வைத்து நெய்த நீல நூலால்தான் கறுப்பு மங்கித் தெரிந்தது. இதை விளக்கி 1839-ல் பெரிய புத்தகமே எழுதினார். திருப்பூர்ச் சாயப்பட்டறைக்காரர்களுக்கு இது புரியும். நம் வீட்டுப் பெண்களுக்கு இன்னும் நன்றாகப் புரியும். ஜவுளிக் கடையில் புடவையைத் தனியாக எடுத்துக்கொண்டு வாசல் வெளிச்சத்துக்கு வருகிறார்களே, ஷெவ்ரல் செய்ததும் அதைத்தான்.

இந்த மனிதருக்கு இன்னொரு சந்தேகம் வந்தது. நூலில் ஓர் இரும்பு வளையத்தைக் கட்டிப் பாதரசத்துக்கு மேலே பிடித்தால் அது தானாக ஆடும் என்று அப்போது சொல்லிக்கொண்டார்கள். பிடித்துப் பார்த்தார், ஆடியது. நடுவில் ஒரு கண்ணாடித் தகட்டை வைத்தார், ஆட்டம் நின்றது. எடுத்தார், மறுபடி ஆடியது. நம்மில் யாராக இருந்தாலும் இத்தோடு 'நிரூபணம் ஆகிவிட்டது' என்று கோப்பை மூடியிருப்போம். அவர் மூடவில்லை. தன் கைக்குக் கீழே ஒரு மரக்கட்டையை முட்டுக் கொடுத்தார். முட்டு விரலை நெருங்க நெருங்க ஆட்டம் குறைந்து, விரலுக்கே முட்டுக் கொடுத்தபோது நின்றேவிட்டது. பிறகு கண்ணைக் கட்டிக்கொண்டு, கண்ணாடித் தகட்டை எப்போது வைக்கிறார்கள், எப்போது எடுக்கிறார்கள் என்று தனக்குத் தெரியாதபடி செய்யச் சொன்னார். இப்போது தகட்டால் எந்த வித்தியாசமும் இல்லை. ஆட்டியது பாதரசம் இல்லை. 'ஆடும்' என்று எதிர்பார்த்த அவருடைய மனசு, அவருக்கே தெரியாமல், அவருடைய விரலை அசைத்திருக்கிறது. 1833-ல் இதை நண்பர் ஆம்பியருக்குக் கடிதமாக எழுதினார். மின்சார அளவுக்குப் பெயர் தந்த அதே ஆம்பியர்தான். 1854-ல் தண்ணீர் பார்க்கும் குச்சியைப் பற்றியே தனிப் புத்தகம் போட்டார்.

பிரெஞ்சில் தண்ணீர் பார்ப்பவருக்கு 'சூர்சியே' என்று பெயர். மந்திரவாதிக்கு 'சோர்சியே'. இரண்டுக்கும் ஓர் எழுத்துதான் வித்தியாசம் என்று வகுப்பில் சிரிப்போம். அவர்கள் கவைக்குச்சி பிடிக்கிறார்கள். நாம் வேப்பங்குச்சியும் தேங்காயும் பிடிக்கிறோம். குச்சி எதுவானாலும் அசைப்பது கைதான். உள்ளங்கையில் படுத்திருக்கும் தேங்காய் எப்போது வேண்டுமானாலும் உருளக்கூடிய பொருள். கை ஒரு நூலளவு சாய்ந்தால் போதும், எழுந்துகொள்ளும். பெரியவர் கையில் எந்த இடத்தில் நின்றது என்று நான் பார்த்துவிட்டேன். என் கைக்கும் அது தெரிந்துவிட்டது. என் கையில் வேறு எங்கே நிற்கும்?

இதற்கு மறுப்பாகச் சொல்லப்படுவதை எல்லாம் நான் கேட்டிருக்கிறேன். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதல் மறுப்பு: "எத்தனையோ பேருக்குத் தண்ணி வந்திருக்குங்களே?" வந்திருக்கிறது. நம் பக்கத்து நிலத்துக்கடியில் இருப்பது கடினப் பாறை. மேலே சிதைந்த பாறை அடுக்கு. அதற்குக் கீழே பாறையின் வெடிப்புகள். தண்ணீர் இந்த இரண்டில்தான் தங்கும். பூமிக்கடியில் ஆறு மாதிரி நரம்பு நரம்பாக ஓடுவதாக நாம் நினைக்கும் நீரோட்டம் இங்கே கிடையாது. கவலை இறைத்த காலத்தில் மேலடுக்கில் பரவலாகத் தண்ணீர் நின்றது. அந்த நாளில் தேங்காய் வைத்துத் தோண்டினாலும் வந்தது. கண்ணை மூடிக்கொண்டு கல்லெறிந்து விழுந்த இடத்தில் தோண்டினாலும் வந்திருக்கும். பேர் தேங்காய்க்குப் போயிற்று. இன்றைக்கு மேலடுக்கு காய்ந்துவிட்டது. ஆயிரம் அடிக்குக் கீழே ஒரு வெடிப்பைத் தேடுகிறோம். தேங்காய் மட்டும் அதே தேங்காய்.

இன்னொன்றும் உண்டு. தண்ணீர் வந்த வீட்டில் பொங்கல் வைத்து ஊருக்கே சொல்வார்கள். வராத வீட்டில் யார் சொல்வார்கள்? அடகு வைத்ததைக்கூட வெளியே சொல்லமாட்டார்கள். நானே எட்டு வருஷம் கழித்து இன்றுதான் எழுதுகிறேன். முப்பத்தைந்து வருஷம் கணக்கு எழுதியவன் சொல்கிறேன்: வரவை மட்டும் எழுதி, செலவை எழுதாத பேரேட்டில் எல்லா வியாபாரமும் லாபம்தான்.

இரண்டாம் மறுப்பு: "இதைச் சரியா சோதிச்சுப் பாத்தவங்க யாரு?" சோதித்தார்கள். ஜெர்மனியில் காஸல் என்ற ஊரில் 1990-ல் ஒரு வயலில் அரை மீட்டர் ஆழத்தில் குழாய் புதைத்து, குழாய் போகும் வழியைத் தரையில் கோடு போட்டே காட்டிவிட்டார்கள். தண்ணீர் இப்போது ஓடுகிறதா இல்லையா என்று சொன்னால் போதும். சுமார் முப்பது பேர் கலந்துகொண்டார்கள். சோதனை நியாயமானதுதான் என்று முன்கூட்டியே ஒப்புக்கொண்டார்கள். முடிவில் பூவா தலையா போட்டால் எத்தனை சரியாக வருமோ அத்தனைதான் வந்தது. மியூனிக் பக்கத்தில் அதற்கு முன்பே, 1987-88-ல், சுமார் 500 பேரில் தேர்ந்த 43 பேரைப் பொறுக்கி, ஒரு களஞ்சியத்தின் மாடியில் நடக்கவைத்து, கீழே தண்ணீர்க் குழாயை இடம் மாற்றி மாற்றி வைத்து 843 தடவை சோதித்தார்கள். சோதனை நடத்தியவர்களே ஒரு சிலருக்கு அந்த ஆற்றல் இருப்பதாக எழுதினார்கள். அதே எண்களை ஜிம் என்ரைட் என்ற அமெரிக்க விஞ்ஞானி 1999-ல் மறுபடி கணக்குப் போட்டு, அது குருட்டாம்போக்கில் வருவதை விட மேல் இல்லை என்று காட்டினார். கவனியுங்கள், படித்த விஞ்ஞானிக்கும் எண்களின் நடுவே மிருகம் தெரிகிறது. படிப்பு ஒரு பாதுகாப்பு இல்லை.

மூன்றாம் மறுப்பு: "நம்ம முன்னோர் எல்லாம் முட்டாளா?" இந்தக் கேள்விதான் என்னை அதிகம் கோபப்படுத்துகிறது. முட்டாள்கள் இல்லை. அவர்கள் சொன்னதை நாம் படிக்கவில்லை, அவ்வளவுதான். காட்சியும் உண்மையும் வேறு வேறு என்பதை நம் தமிழ் நூல்கள் பிரெஞ்சுக்காரர்களுக்கு வெகு காலம் முன்பே பிரித்துவைத்துவிட்டன. மணிமேகலையில் சமயவாதிகளின் திறம் கேட்கும் காதையில், அறிவு தவறிப்போகும் வழிகள் எட்டு என்று ஒரு பட்டியலே இருக்கிறது. கிளிஞ்சலைப் பார்த்து வெள்ளி என்று கொள்வது 'திரியக்கோடல்'. வெட்டவெளியில் நிற்கும் கட்டையை விசாரிக்காமல் ஆள் என்றே முடிவு செய்வது 'தேராது தெளிதல்'. தேங்காய் நின்றவுடன் ரிக் வண்டிக்குப் போன் போட்டேனே, அதற்கு இதைவிடப் பொருத்தமான பெயர் பிரெஞ்சிலும் இல்லை. சைவ சித்தாந்தத்திலும் காண்டல், கருதல், உரை என்று மூன்று அளவைகளைச் சொல்லி, காண்டலிலேயே ஐயக்காட்சி, திரிவுக்காட்சி என்று குற்றமுள்ளவற்றைத் தனியே ஒதுக்கினார்கள். வள்ளுவர் மெய்யுணர்தல் என்று ஓர் அதிகாரமே வைத்தார். தீர விசாரிப்பதே மெய் என்ற பழமொழியைக் கிராமத்துப் பாட்டி கூடச் சொல்கிறாள். இவர்கள்தான் என் முன்னோர். இவர்களை விட்டுவிட்டுத் தேங்காயை மட்டும் முன்னோர் என்று தூக்கிக்கொண்டு வருவது என்ன நியாயம்?

நான்காம் மறுப்பு வேறு திசையிலிருந்து வரும். கொஞ்சம் வேதாந்தம் கேட்டவர்கள் சொல்வது: "எல்லாமே தோற்றம்தானுங்க. கயிறும் மாயை, பாம்பும் மாயை. எது நிஜம்னு யார் சொல்றது? அவங்கவங்களுக்கு அவங்கவங்க உண்மை."

இது கேட்க அடக்கமாக இருக்கிறது, உண்மையில் சோம்பேறித்தனம். கயிற்றைப் பாம்பென்று கண்ட உவமையைச் சொன்னவர்கள், விளக்கைக் கொண்டுவந்து பார் என்பதற்காகச் சொன்னார்கள். விளக்கே வேண்டாம் என்பதற்காக இல்லை. தெகார்த் என்ற பிரெஞ்சுத் தத்துவ ஞானி 1641-ல் தன் தியானங்களில், தூரத்தில் வட்டமாகத் தெரிந்த கோபுரம் பக்கத்தில் போனால் சதுரமாக இருந்தது என்று எழுதி, புலன்களைச் சந்தேகித்தார். சந்தேகித்து அங்கேயே உட்கார்ந்துவிடவில்லை. எதைச் சந்தேகிக்க முடியாது என்று தேடிப் போனார்.

கானல் நீரையே எடுத்துக்கொள்ளுங்கள். சித்திரை மாதம் சத்தி ரோட்டில் மத்தியானம் போனால் தார் மேல் தண்ணீர் பளபளக்கும். 1798-ல் நெப்போலியனின் படை எகிப்துப் பாலையில் நடந்தபோது, தாகத்தில் தவித்த சிப்பாய்கள் இதே கானலைப் பார்த்து ஏமாந்தார்கள். கூடப் போயிருந்த மோன்ஜ் என்ற கணித மேதை அதற்குக் காரணம் கண்டார்: தரையை ஒட்டிய சூடான காற்று வெளிச்சத்தை வளைத்து, வானத்தின் பிம்பத்தைக் கீழே காட்டுகிறது. கானலில் வெளிச்சம் நிஜம், சூடு நிஜம், கண்ணுக்குத் தெரிந்த பிம்பமும் நிஜம். தண்ணீர் ஒன்றுதான் நிஜமில்லை. சிப்பாய்க்கு வேண்டியிருந்ததும் அது ஒன்றுதான். 'அவரவர் உண்மை' என்று அவனிடம் சொல்லிப் பாருங்கள். அடகுக் கடையில் வட்டியும் அவரவர் உண்மைப்படி ஏறுவதில்லை.

ஐந்தாவது: "ஜியாலஜிஸ்ட் சொன்ன எடத்துலயும் தண்ணி வல்லீங்களே?" சரியான கேள்வி. வராமல் போவதுண்டு. 1912-ல் கொன்ராட் ஷ்லம்பெர்ஜே என்பவர், மறுபடியும் ஒரு பிரெஞ்சுக்காரர், பூமிக்குள் மின்சாரத்தைச் செலுத்திப் பாறையின் தடையை அளக்கும் முறையைத் தொடங்கினார். இன்றைக்கும் நம் ஊரில் நான்கு கம்பிகளை வரிசையாக ஊன்றிச் செய்கிறார்களே, அந்த மின்தடை ஆய்வு அவர் பெயரில்தான் வழங்குகிறது. ஈரமான வெடிப்புப் பாறையில் தடை குறையும், காய்ந்த கெட்டிப் பாறையில் கூடும். அந்தக் கருவி தண்ணீரைப் பார்ப்பதில்லை, தடையைத்தான் பார்க்கிறது. மிச்சம் ஊகம். ஊகம் தப்பலாம். ஆனால் அந்த எண்ணை நான் படித்தாலும் நீங்கள் படித்தாலும், ஆசையோடு படித்தாலும் வெறுப்போடு படித்தாலும், அதே எண்தான் வரும். தப்பினால் எங்கே தப்பியது என்று காகிதத்தில் இருக்கும். 'இங்கே போட வேண்டாம்' என்றும் அது சொல்லும். எந்தத் தேங்காயாவது ஒரு தோட்டம் முழுக்க நிற்காமல் இருந்து, 'போர் வேண்டாம், பணத்தைப் பத்திரமாக வை' என்று சொல்லி நீங்கள் கேட்டதுண்டா?

வேளாண் பொறியியல் துறையில் குறைந்த கட்டணத்தில் இந்த ஆய்வைச் செய்து தருகிறார்கள். மனு எழுதத் தெரியாதவர்கள் என்னிடம் வரலாம். அது ஒன்றுதான் எனக்கு நன்றாக வரும்.

இதையெல்லாம் விடப் பெரிய ஏமாற்று ஒன்று இருக்கிறது. தேங்காய் எங்கே நிற்கிறது என்று பார்ப்பதில் நமக்குக் கேள்வியே தவறிப்போகிறது. 'தண்ணீர் எங்கே ஒளிந்திருக்கிறது' என்று கேட்கிறோம். ஒளியவில்லை, தீர்ந்துகொண்டிருக்கிறது. மழையால் ஊறுவதை விட அதிகமாக உறிஞ்சும் வட்டாரம் என்று நிலத்தடி நீர்க் கணக்கெடுப்புகளில் அன்னூர் பேர் வந்திருக்கிறது. மலை மறைக்கும் மழையில் நாம் இருக்கிறோம். அத்திக்கடவு-அவிநாசித் திட்டத்துக்காக இங்கே அறுபது வருஷம் ஏன் குரல் கொடுத்தார்கள்? தண்ணீர் இடம் தெரியாமல் கிடக்கிறது என்றா? இல்லை என்பதால்தானே! 2024 ஆகஸ்ட் 17-ல் அந்தத் திட்டம் துவங்கி, பவானியின் உபரி நீர் 1.5 டி.எம்.சி.யைக் குழாயில் கொண்டுவந்து 1,045 குளம் குட்டைகளில் விடுவதாக ஏற்பாடு. குளத்தில் நின்றால்தான் நிலத்தில் இறங்கும். நிலத்தில் இறங்கினால்தான் கிணற்றில் ஊறும். குட்டையைத் தூர் வாருகிற வேலைக்கு நாலு பேர் வருவதில்லை. தேங்காய் நிற்பதைப் பார்க்க நாற்பது பேர் வருகிறோம்.

அந்தப் பெரியவர் விஷயத்தைச் சொல்லி முடிக்கிறேன். போர் தோற்ற பிறகு அவர் வீட்டுக்குப் போனேன். சண்டைக்கு இல்லை. அவரே எழுந்து வந்து, "தட்சணையத் திருப்பி வாங்கிக்குங்க சாமி" என்று நீட்டினார். நான் வாங்கவில்லை. "ஒரு உதவி பண்ணுங்க" என்று தோட்டத்துக்குக் கூட்டிவந்தேன். முதலில் கண்ணைத் திறந்தபடி நடந்தார். நான்கு இடத்தில் தேங்காய் நின்றது, கல் வைத்தோம். பிறகு அவர் சம்மதத்தோடு அவருடைய துண்டாலேயே கண்ணைக் கட்டி, கல்லை எல்லாம் எடுத்துவிட்டு ஆணி அடித்து அடையாளம் வைத்துக்கொண்டு, தோளைப் பிடித்து நடத்திப் போனேன். மூன்று இடத்தில் நின்றது. மூன்றும் புது இடம். பழைய நான்கையும் தாண்டித்தான் போனார், தேங்காய் அசையவில்லை.

துண்டை அவிழ்த்துவிட்டு வெகு நேரம் ஆணிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். "கண்ணக் கட்டுனா ஊத்து மறைஞ்சுக்குதுங்க சாமி" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. ஐம்பது வருஷமாக அவர் கை அவரையே ஏமாற்றிவந்திருக்கிறது. அதற்குப் பிறகு அவர் தேங்காய் வைத்ததாக நான் கேள்விப்படவில்லை. இப்போது அவர் இல்லை.

மச்சினர் மகனிடம் இவ்வளவும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டான். "பாக்கலாங்க மாமா" என்றான். அந்தப் 'பாக்கலாங்க'வுக்கு என்ன அர்த்தம் என்று கொங்கு நாட்டில் நாற்பது வருஷத்துக்கு மேல் இருந்த எனக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை தேங்காய் வரும்.

அதனால் அவனிடம் வேறொன்று கேட்டேன். "பழைய ரெண்டு குழியையும் என்ன பண்ணியிருக்கறே?"

"சாக்குப் போட்டு மேல கல்லு வெச்சிருக்குதுங்க மாமா. நல்லா மூடித்தான் இருக்குது."

அவனுக்கு மூன்று வயதுப் பெண் குழந்தை. ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தத் தோட்டத்தில்தான் ஓடி விளையாடுகிறது. 2019 அக்டோபரில் மணப்பாறைப் பக்கம் நடுக்காட்டுப்பட்டியில், கைவிட்ட ஆழ்துளைக் கிணற்றில் இரண்டு வயதுக் குழந்தை விழுந்ததை நாடே டி.வி.யில் நாலைந்து நாள் பார்த்துக்கொண்டிருந்தது. எல்லாக் கண்ணும் பார்த்தும் காப்பாற்ற முடியவில்லை. மூடியிருப்பதாகத் தெரிவது வேறு, மூடியிருப்பது வேறு.

மறுநாளே ஒரு கொத்தனாரைக் கூட்டிக்கொண்டு நான் போனேன். சாக்கை எடுத்தோம். வெயிலிலும் மழையிலும் இற்றுப்போய், தொட்டவுடன் கையோடு கிழிந்து வந்தது. இரண்டு குழியிலும் மண்ணும் ஜல்லியும் கொட்டி நிரப்பி, மேலே சிமெண்ட் போட்டு அடைத்தோம். மாலை மூன்று மணி ஆகிவிட்டது.

வெள்ளிக்கிழமை அவன் மூன்றாவது போருக்கு இடம் பார்க்கட்டும், பார்க்காமல் போகட்டும். அவன் பணம், அவன் காடு. நீங்கள் இதைப் படித்துவிட்டு என் மேல் கோபப்படுங்கள், பரவாயில்லை. ஆனால் உங்கள் தோட்டத்தில் பழைய குழி இருந்தால், மூடித்தான் இருக்கிறது என்று உட்கார்ந்த இடத்திலிருந்து சொல்லாமல், எழுந்து போய்ச் சாக்கைத் தொட்டுப் பாருங்கள்.